ஆரஞ்சு இலையைத் தின்னும் பச்சைப் பூச்சி – எந்தக் கேட்டிடிட் என்று சொல்ல முடியுமா?

வெண்ணிலா_ஃபிரெஸ்னோ | செப்டம்பர் 6

எல்லோருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவில் ஃபிரெஸ்னோவில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் நேவல் ஆரஞ்சு மரம் ஒன்று, பக்கத்தில் எலுமிச்சை, அப்புறம் தொட்டியில் கறிவேப்பிலை. கறிவேப்பிலையை எதுவும் தொடவில்லை. ஆனால் ஆரஞ்சு இலைகளில் ஆகஸ்ட் மாதம் முதல் ஓட்டை விழுகிறது. சில இலைகளில் ஓரம் கடிபட்டிருக்கிறது, சிலவற்றில் நடுவில் வட்டமாகக் காணோம்.

நேற்று ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோது ஆள் அகப்பட்டது. முழுப் பச்சை. பின்கால்கள் மெலிந்து மிக நீளமாக இருந்தன. மீசை உடம்பைத் தாண்டிப் பின்னால் போகிறது. வெளிச்சம் பட்டும் நகரவில்லை, இலை ஓரத்தை நிதானமாக மென்றுகொண்டே இருந்தது. மூன்று படங்கள் போட்டிருக்கிறேன்.

இது என்ன பூச்சி? மருந்து அடிக்க வேண்டுமா? என் மகள் இதைப் பிடித்து டப்பாவில் வளர்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கடிக்குமா?

---

முருகேசன்_சான்ஹோசே

வெட்டுக்கிளிதான் மேடம், யோசிக்கவே வேண்டாம். வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி வாரம் ஒரு தடவை அடியுங்கள். விட்டால் மரத்தை மொட்டையாக்கிவிடும்.

---

ராகவன்_டேவிஸ்

முருகேசன் சார், கொஞ்சம் பொறுங்கள். மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இது யார் என்று தெரிய வேண்டும்.

வெண்ணிலா, உங்கள் முதல் படத்திலேயே பாதி விடை இருக்கிறது. மீசை உடம்பைவிட நீளம், நூல் மாதிரி மெலிதாக இருக்கிறது. வயலில் கூட்டமாக வரும் வெட்டுக்கிளிகளுக்கு மீசை குட்டையாக, தடியாக இருக்கும். அது வேறு குடும்பம். காது இருக்கும் இடமும் வேறு. அவற்றுக்குக் காது வயிற்றின் பக்கவாட்டில். இவற்றுக்கு முன்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே. மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், முன்காலில் முட்டை வடிவத்தில் சின்னப் பள்ளம் தெரியும். அதுதான் காது. ஆகவே இது கேட்டிடிட் வகை, அதாவது வெட்டுக்கிளிக்குத் தூரத்து உறவான நீள மீசைப் பூச்சி, அதிலும் இலை போன்ற சிறகுள்ள ஃபனெரோப்டெரினே என்ற துணைக்குடும்பம். மூடிய முன்சிறகுக்குப் பின்னால் பின்சிறகின் நுனி கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள், அந்தக் கூட்டத்தில் பலவற்றுக்கும் அப்படித்தான்.

கலிஃபோர்னியாவில் எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களில் அடிக்கடி காணப்படுபவை இரண்டு. ஒன்று ஸ்கட்டேரியா, அதாவது புதர் கேட்டிடிட். இன்னொன்று மைக்ரோசென்ட்ரம், கோணச்சிறகு கேட்டிடிட். பிரித்தறிய முதலில் சிறகைப் பாருங்கள். ஸ்கட்டேரியாவின் முன்சிறகு குறுகலாக, மேல் ஓரமும் கீழ் ஓரமும் ஏறக்குறைய இணையாக ஓடும். மைக்ரோசென்ட்ரத்தின் சிறகு நடுவில் அகன்று, முதுகுப் பக்கம் ஒரு கோணம் எழும்பி, பக்கத்திலிருந்து பார்த்தால் கூன் விழுந்த தோற்றம் தரும்.

உங்களுடையது குறுகல் சிறகு. என் கணிப்பு ஸ்கட்டேரியா. ஆனால் எந்த இனம் என்று சொல்ல வால் பக்கத்துப் படம் வேண்டும், நேர் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. இரண்டாவது படத்தில் இருப்பது பெண். வயிற்று நுனியில் தட்டையாக, மேல்நோக்கி வளைந்து நிற்கிறதே, அது கொடுக்கு இல்லை, முட்டையிடும் உறுப்பு. உங்கள் மகளுக்கு அதனால் ஆபத்து எதுவும் இல்லை. கையில் இறுக்கிப் பிடித்தால் வாயால் லேசாகக் கிள்ளும். விஷம் கிடையாது.

இனத்தைத் தீர்மானிக்க ஆண் கிடைத்தால் நல்லது.

---

தேன்மொழி_சாக்ரமெண்டோ

ராகவன் அண்ணா, எனக்கு இது கோணச்சிறகு மாதிரிதான் படுகிறது. எங்கள் வீட்டு வாசல் விளக்குக்கு வருவதும் இதே பச்சை, இதே மீசை. அளவு மட்டும் பெரிது, என் சுட்டுவிரல் நீளத்துக்கே இருக்கும். முதல் படத்தில் முதுகு கொஞ்சம் எழும்பித் தெரிகிறதே?

---

ராகவன்_டேவிஸ்

தேன்மொழி, உங்கள் வாசலுக்கு வருவது கோணச்சிறகாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அது பெரிய உடம்புக்காரி, சிறகு நுனி வரை அளந்தால் 5 செ.மீ.யைத் தாண்டிப் போகும். வெண்ணிலாவின் படத்தில் முதுகு எழும்பித் தெரிவது படம் எடுத்த கோணத்தால். அதே பூச்சி மூன்றாவது படத்தில் நேர் பக்கவாட்டில் இருக்கிறது, அங்கே சிறகின் மேல் ஓரம் நேர்க்கோடு.

இன்னொரு அடையாளம் தலையில் இருக்கிறது. இரண்டு மீசைகளின் அடிக்கும் நடுவே தலையுச்சி ஒரு சின்ன முனையாக நீளும். ஸ்கட்டேரியாவில் அது பக்கவாட்டில் நசுங்கி, மீசையின் முதல் கணுவைவிடக் குறுகலாக இருக்கும். மைக்ரோசென்ட்ரத்தில் அகலம். கைபேசிப் படத்தில் இது சிரமம், கையில் பூதக்கண்ணாடி இருந்தால் சுலபம்.

நிறத்தை வைத்து மட்டும் யாரும் முடிவு செய்யாதீர்கள். பச்சையாக இருப்பதுதான் இவை எல்லாவற்றுக்கும் பிழைப்பு. அதை வைத்து இனம் பிரிக்க முடியாது.

---

எடிசன்_குமார்

நான் நியூ ஜெர்சி. இங்கே ஆகஸ்ட் வந்துவிட்டால் ராத்திரி முழுக்க மரத்து மேலே இருந்து கரகரவென்று ஒரே கூச்சல். ஜன்னலைச் சாத்தினாலும் கேட்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டிடிட் என்றார். வெண்ணிலா சொல்வதும் அதுதானா? அப்படி என்றால் அவர்கள் வீட்டில் சத்தம் காதைப் பிளக்க வேண்டுமே?

---

ராகவன்_டேவிஸ்

குமார், உங்களுக்குக் கேட்பது ப்டெரோஃபில்லா கேமெல்லிஃபோலியா. அது கிழக்கு அமெரிக்காவின் ஆள், ஓக் போன்ற உயரமான மரங்களின் உச்சியில் இருக்கும். சிறகு உப்பிக் குவிந்து நிற்கும், பறக்க உதவாது. கலிஃபோர்னியாவில் அது இல்லை.

புதர் கேட்டிடிட்களின் பாட்டு அடக்கம். அவற்றில் கவட்டைவால் என்ற இனத்தின் ஆண், ‘ட்ஸிப்’ என்று ஒரே ஒரு குறுகிய ஒலி எழுப்பும், இரண்டு மூன்று தொடர்ந்தும் வரலாம். பிறகு நீண்ட இடைவெளி. பகலிலும் பாடும், ராத்திரியிலும் பாடும். சத்தம் மிக உயர்ந்த சுருதியில் இருப்பதால் வயதானவர்கள் பலருக்குக் காதிலேயே விழாது. வெண்ணிலா, உங்கள் மகளை மரத்தடியில் நிற்க வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். குழந்தைகளின் காது இதற்கு நம்முடையதைவிட மேல்.

சத்தம் வருவது சிறகிலிருந்து. இடது முன்சிறகின் அடியில் அரம் போலப் பற்கள் வரிசையாக இருக்கும், வலது சிறகின் விளிம்பு அதன் மேல் உரசும். இந்தக் குடும்பத்தில் இடது சிறகுதான் மேலே. சில்வண்டில் பெரும்பாலும் வலது மேலே.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பெண்ணின் பங்கு. சில்வண்டில் ஆண் பாடும், பெண் சத்தமில்லாமல் தேடி வரும். இந்தத் துணைக்குடும்பத்தில் பெண்ணும் பேசும். ஆண் பாடி முடித்த உடனே, ஒரு நொடிகூட ஆகாமல், பெண் ‘டிக்’ என்று பதில் கொடுக்கும். அந்தச் சின்ன ஒலியைப் பிடித்துக்கொண்டு ஆண் நடந்து அவளிடம் போகும். பதில் தாமதமானால் தன் பாட்டுக்கான பதிலாக அதை எடுத்துக்கொள்ளாது. இரண்டு பேரும் நேரத்தை அவ்வளவு துல்லியமாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

---

வெண்ணிலா_ஃபிரெஸ்னோ | செப்டம்பர் 9

ஆண் கிடைத்துவிட்டது! மகள்தான் கண்டுபிடித்தாள். மத்தியானம், எலுமிச்சை மரத்தில், இலையின் அடிப்பக்கம். அவளுக்கு ‘ட்ஸ்’ என்று கேட்டதாம், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடி டம்ளரில் மூடி வைத்துப் படம் எடுத்தேன். நீளம் அளந்தோம், தலையிலிருந்து சிறகு நுனி வரை 4 செ.மீ.க்குச் சற்று மேல்.

வால் நுனியில் மேலிருந்து ஒரு துண்டு பின்னால் நீண்டு, நுனியில் இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த இரண்டு பக்கமும் மெலிதாக இல்லை, குண்டாக உப்பியிருக்கிறது. கீழே இருந்து இன்னொரு துண்டு மேல்நோக்கி வளைந்து வந்து அதைச் சந்திக்கிறது. பக்கவாட்டுப் படமும் போட்டிருக்கிறேன்.

---

ராகவன்_டேவிஸ்

அருமையான படம், உங்கள் மகளுக்கு என் பாராட்டு. இது ஸ்கட்டேரியா ஃபர்கேட்டா, கவட்டைவால் புதர் கேட்டிடிட்.

நீங்கள் விவரித்த அந்த மேல்துண்டுதான் இந்தப் பேரினத்தில் இனத்துக்கு இனம் மாறுகிற உறுப்பு. சிறகு, கால், நிறம் எல்லாவற்றிலும் இவை ஒன்றுபோலவே இருக்கும். ஆணின் வால்துண்டு மட்டும் ஒவ்வொன்றிலும் தனி வடிவம். ஃபர்கேட்டாவில் ஆழமாகப் பிளந்து, பிளவின் இரண்டு பக்கமும் உப்பியிருக்கும். கலிஃபோர்னியாவில் மெக்ஸிகன் புதர் கேட்டிடிட்டும் உண்டு, அதனுடைய வால்துண்டோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன். பெண்ணில் இந்தத் துண்டு இல்லாததால் முட்டையிடும் உறுப்பின் வளைவையும் அளவையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும், அது இவ்வளவு தெளிவாக இருக்காது. அதனால்தான் ஆணைக் கேட்டேன்.

பேரினத்துக்கு 1873-இல் பெயர் வைத்தவர் சுவீடனின் கார்ல் ஸ்டால். அமெரிக்கப் பூச்சியியலாளர் சாமுவேல் ஹப்பர்ட் ஸ்கட்டரின் நினைவாக அந்தப் பெயர். ஃபர்கேட்டா இனத்தை 1878-இல் விவரித்தவர் ஆஸ்திரியாவின் புருன்னர் ஃபான் வாட்டன்வில். ஸ்கட்டேரியா இனங்களிலேயே பரவலானது இதுதான். தெற்குக் கனடாவிலிருந்து மெக்ஸிகோ வரை இருக்கிறது, குமார் இருக்கிற நியூ ஜெர்சியிலும் இருக்கிறது.

---

செல்வராஜ்_விசேலியா

ஆரஞ்சுத் தோட்டங்களுக்குப் பூச்சி ஆலோசனை சொல்வது என் வேலை. இந்தப் பூச்சியோடு வருஷா வருஷம் மல்லுக்கட்டுகிறவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வெண்ணிலா மேடம் இப்போது பார்ப்பது வளர்ந்த பூச்சி. அது முற்றிய இலையைத் தின்கிறது. முழு வளர்ச்சி அடைந்த மரத்துக்கு இந்த இலைச்சேதம் ஒரு பொருட்டே இல்லை. சான் வாக்கின் பள்ளத்தாக்கின் நேவல் தோட்டங்களில் எங்களைத் தூங்கவிடாதது இதன் இளம்பூச்சி, அதுவும் வசந்த காலத்தில் சில வாரங்கள் மட்டும்.

ஆரஞ்சுப் பூ இதழ் உதிர்ந்து பிஞ்சு தலை காட்டும் நேரம். அப்போதுதான் முட்டை பொரிந்து சிறகில்லாத இளம்பூச்சிகள் வந்திருக்கும். மீசையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக இருக்கும், அதுதான் அடையாளம். அது பிஞ்சில் ஒரு கடி கடிக்கும். அந்தப் பிஞ்சை முழுசாகத் தின்று முடித்தாலாவது நஷ்டம் ஒன்றோடு போகும். ஆனால் அது ஒரு கடியோடு விட்டுவிட்டு அடுத்த பிஞ்சுக்குப் போய்விடும். அங்கேயும் ஒரு கடிதான். ஆகவே மரத்தில் நாலைந்து பூச்சி இருந்தாலே ஏராளமான பிஞ்சுகள் கடிபட்டுவிடும். ஆழமாகக் கடிபட்டது உதிரும். மிச்சம் இருப்பதில் காயம் ஆறித் தழும்பாகும், பழம் பெருக்கப் பெருக்கத் தழும்பும் சேர்ந்து பெருக்கும். அறுவடை நேரத்தில் தோலில் வட்டமாக, வழவழப்பாகப் பெரிய பள்ளம். உள்ளே பழம் நன்றாகவே இருக்கும், சுவையும் மாறாது. ஆனால் பேக்கிங் ஹவுஸில் முதல் தரத்தில் சேர்க்க மாட்டார்கள், ஜூஸுக்குத்தான் போகும். விவசாயிக்கு விலை அங்கே அடிபடுகிறது.

முன்பு எங்கள் தோட்டங்களில் ஆர்கனோபாஸ்பேட் மருந்து அடித்துக்கொண்டிருந்த காலத்தில் கேட்டிடிட் தொல்லை பெரிதாக இல்லை, மற்றப் பூச்சிகளோடு சேர்ந்து செத்துவிடும். அந்த மருந்துகளைக் குறைத்து, குறிப்பிட்ட பூச்சியை மட்டும் கொல்கிற மென்மையான மருந்துகளுக்கு மாறிய பிறகு இது தலையெடுத்தது. பழைய மருந்துக்குத் திரும்புவது தீர்வு இல்லை என்பது என் உறுதியான கருத்து. அந்த மருந்து நன்மை செய்யும் ஒட்டுண்ணிக் குளவிகளையும் சேர்த்து அழித்தது.

---

முருகேசன்_சான்ஹோசே

செல்வராஜ் சார், நீங்களே பிஞ்சைக் கடிக்கும் என்கிறீர்கள். அப்படியானால் இப்போதே பெரிய பூச்சியைக் கொன்றுவிட்டால் அடுத்த வருஷம் முட்டை இருக்காதே? வேப்பெண்ணெய் இயற்கை மருந்துதானே, அடிப்பதில் என்ன தவறு?

---

செல்வராஜ்_விசேலியா

நியாயமான கேள்வி முருகேசன் சார். இரண்டு காரணம்.

வளர்ந்த பூச்சிக்குச் சிறகு இருக்கிறது. பக்கத்து வீட்டு ரோஜாவில் இருந்தும் தெருமரத்தில் இருந்தும் திரும்ப வரும். இது ஆரஞ்சை மட்டும் நம்பி வாழ்கிற பூச்சி இல்லை. ரோஜா, பிளம், பீச், நெக்டரின் எல்லாவற்றிலும் இருக்கும். ஒரு மரத்தில் மருந்து அடித்து இதை ஒழிக்க முடியாது. அப்புறம், செப்டம்பரில் பாதி முட்டை ஏற்கெனவே இலைக்குள் போயிருக்கும். எண்ணெய் மேலே படியும், இலைத் தசைக்குள் இருக்கிற முட்டையை என்ன செய்யும்?

இரண்டாவது, வீட்டில் பழத்தைத் தோல் உரித்துத்தானே சாப்பிடப் போகிறோம்? தழும்பு இருந்தால் யாருக்கு என்ன? தோட்டக்காரருக்கு விலை போகும், வீட்டுக்காரருக்கு எதுவும் போகாது. தோட்டத்துக்குச் சொல்கிற ஆலோசனையை வீட்டு மரத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

எண்ணெய் இயற்கையானது என்பதற்காக எந்த நேரமும் அடிக்கலாம் என்றும் இல்லை. ஃபிரெஸ்னோ வெயிலில் எண்ணெய் தெளித்தால் இலை கருகும்.

---

தேன்மொழி_சாக்ரமெண்டோ

முட்டை இலைத் தசைக்குள் இருக்கும் என்று செல்வராஜ் அண்ணா சொன்னதும் எழுதத் தோன்றியது. போன வருஷம் எங்கள் வீட்டில் ஒரு பெண் முட்டை இடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் இலையின் ஓரத்தை வாயால் கவ்வியது. தின்னப் போகிறது என்று நினைத்தேன். தின்னவில்லை, ஓரத்தைச் சின்னதாகக் கொறித்துத் திறந்துவிட்டது. பிறகு வயிற்றை அடிவழியாக முன்னால் வளைத்து, அந்த வளைந்த உறுப்பின் நுனியை வாய்க்குப் பக்கத்திலேயே கொண்டு வந்தது. வாய் உறுப்புகளாலேயே அதைப் பிடித்து, கொறித்த இடத்தில் நுழைய வைத்தது. இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே அது மெல்ல மெல்ல உள்ளே போனது. அவ்வளவு மெல்லிய இலைக்குள் அந்த உறுப்பு எப்படிக் கிழிக்காமல் போகிறது என்று இன்னமும் எனக்கு ஆச்சரியம். அது தட்டையாக இருப்பது அதற்காகத்தான் போலிருக்கிறது. வெளியே எடுத்த பிறகு வெளிச்சத்துக்கு எதிரே இலையைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே தட்டையான முட்டை ஒன்று நிழலாகத் தெரிந்தது.

எங்கள் வாசல் பக்கத்துச் செடிக் குச்சியில் வேறு மாதிரி முட்டைகளும் உண்டு. சாம்பல் நிறம், ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறி இரண்டு வரிசையாக ஒட்டியிருக்கும். ராகவன் அண்ணா, இது கோணச்சிறகுதானே?

---

ராகவன்_டேவிஸ்

ஆமாம் தேன்மொழி, குச்சியில் வரிசையாக ஒட்டுவது கோணச்சிறகு. இலைக்குள் செருகுவது கவட்டைவால். பூச்சியே கண்ணில் படாவிட்டாலும் முட்டையை வைத்து இரண்டையும் பிரித்துவிடலாம்.

நீங்கள் பார்த்ததை 19-ஆம் நூற்றாண்டிலேயே மிசௌரியின் பூச்சியியலாளர் சார்லஸ் ரைலி கவனித்து எழுதியிருக்கிறார். குளிர் அதிகமான கிழக்கு மாநிலங்களில் மரம் இலை உதிர்க்கும், முட்டையும் இலையோடு தரைக்குப் போய்ச் சருகுக்குள் குளிர்காலத்தைக் கழிக்கும். கலிஃபோர்னியாவில் ஆரஞ்சு இலை குளிரிலும் உதிராது, ஆகவே முட்டை மரத்திலேயே இருந்து, வசந்தத்தில் பூவுக்குப் பக்கத்திலேயே பொரிகிறது. பிஞ்சில் சேதம் இவ்வளவு வசதியாக நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

குச்சியில் ஒட்டியிருக்கும் முட்டைகளை உற்றுப் பாருங்கள். பக்கவாட்டில் குண்டூசி நுனி அளவுக்கு வட்ட ஓட்டை இருந்தால் அதிலிருந்து வெளியே வந்தது கேட்டிடிட் இல்லை, அனஸ்டேட்டஸ் வகைக் குட்டிக் குளவியாக இருக்கலாம். தன் முட்டையை அதன் முட்டைக்குள் இட்டுவிடும். முட்டை ஒரு விளிம்பு நெடுகப் பிளந்திருந்தால்தான் கேட்டிடிட் வெளியேறியது.

---

எடிசன்_குமார்

குளவி என்றதும் கேட்கிறேன். எங்கள் வீட்டுப் பின்புறத்தில் ஜூலை கடைசியில் ஒரு பெரிய கறுப்புக் குளவி, சிறகு நீலமாக மின்னும், பச்சைப் பூச்சி ஒன்றைக் கவ்விக்கொண்டு மண் வளைக்குள் போனது. மீசையைப் பிடித்து இழுத்தது நன்றாகத் தெரிந்தது. பூச்சி சாகவில்லை, கால் லேசாக அசைந்துகொண்டிருந்தது. நீங்கள் சொன்ன குட்டிக் குளவியோடு சம்பந்தம் உண்டா?

---

ராகவன்_டேவிஸ்

அது வேறு. ஸ்ஃபெக்ஸ் பென்சில்வானிகஸ், பெரிய கறுப்புக் குளவி. தன் குஞ்சுகளுக்கு உணவாகக் கேட்டிடிட்களைத்தான் பிடிக்கும். நம் கவட்டைவாலும் அதன் பட்டியலில் உண்டு, கோணச்சிறகும் உண்டு. கொட்டிச் செயலிழக்க வைக்கும், கொல்லாது. செத்தால் அழுகிவிடும் அல்லவா? மண்ணுக்கடியில் அறைக்குள் இரண்டிலிருந்து ஆறு வரை சேர்த்து வைத்து, ஒன்றின் அடிப்பக்கத்தில் முட்டை ஒட்டும். குஞ்சு பொரிந்ததும் புது இறைச்சி தயார்.

இதை முதலில் விவரமாக எழுதியவர் ஃபிலடெல்ஃபியாவின் ஜான் பார்ட்ரம். தாவரங்களில் பெயர் எடுத்தவர். அவர் எழுதி அனுப்பியதை லண்டன் ராயல் சொசைட்டி 1749-இல் வெளியிட்டது. குமார், அந்த வளையை மூடிவிடாதீர்கள். அந்தக் குளவி மனிதரைத் தேடி வந்து கொட்டாது.

---

சங்கீதா_கோவை

நான் ஊரில் இருந்து எழுதுகிறேன், பூச்சிப் படம் எடுப்பது பொழுதுபோக்கு. ஸ்கட்டேரியா இங்கே இல்லை, அது அமெரிக்கக் கண்டத்துக்கே உரியது என்று தெரியும். ஆனால் அதே துணைக்குடும்பத்தின் ஃபனெரோப்டெரா, ஹோலோகுளோரா போன்றவை எங்கள் பக்கம் உண்டு. படம் போட்டால் பலர் முக்காட்டு வெட்டுக்கிளியோடு குழப்பிக்கொள்கிறார்கள். டெராடோடஸ் மான்டிகோலிஸ், அதுவும் இலை மாதிரிதான், கழுத்துக்கு மேல் முக்காடு போல எழும்பியிருக்கும். மீசையைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும், அதற்கு மீசை குட்டை.

பெண்ணும் பதில் பேசும் என்று ராகவன் சார் எழுதியதைப் படித்ததும் 2015-இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலிருந்து வந்த ஆய்வு ஞாபகம் வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மெகாடெர்மா ஸ்பாஸ்மா என்ற வௌவால் கேட்டிடிட்களைப் பிடித்துத் தன் இருப்பிடத்துக்குக் கொண்டுவந்து தின்னும், சிறகுகளைக் கீழே போட்டுவிடும். அந்தச் சிறகுகளைச் சேகரித்துப் பார்த்தபோது, பாடுகிற ஆணைவிடச் சத்தமில்லாத பெண்தான் அதிகம் மாட்டியிருக்கிறது. சத்தம் போடுகிறவனுக்குத்தான் ஆபத்து என்று நாம் நினைப்போம். ஆண் உட்கார்ந்த இடத்தில் பாடுகிறது, பெண் பறந்து தேடிப் போகிறது. வௌவாலிடம் சிக்குவது பறப்பவர்தான்.

---

ராகவன்_டேவிஸ்

நன்றி சங்கீதா, இது நல்ல செய்தி. அதோடு சேர்த்துப் பார்த்தால் ஸ்கட்டேரியாவில் பெண் இருந்த இடத்தில் ‘டிக்’ சொல்லி ஆணை நடக்க வைப்பதற்கு ஒரு பொருள் தெரிகிறது. தேடிப் போகிற ஆபத்தில் ஒரு பங்கை ஆணிடம் தள்ளிவிடுகிறாள். இது என் ஊகம்தான், ஆனால் எனக்கு நம்பத் தோன்றுகிறது.

---

வெண்ணிலா_ஃபிரெஸ்னோ | ஏப்ரல் 24

ரொம்ப நாள் கழித்து வருகிறேன். போன செப்டம்பரில் மருந்து எதுவும் அடிக்கவில்லை. மகள் ஆணையும் பெண்ணையும் ஒரு ராத்திரி மட்டும் வலைக்கூண்டில் வைத்துப் பார்த்துவிட்டு மரத்திலேயே விட்டுவிட்டாள்.

இப்போது ஆரஞ்சில் பூ உதிர ஆரம்பித்திருக்கிறது. புது இலைகளில் நடுவில் சின்னச் சின்ன ஓட்டைகள். பச்சையாக, சிறகில்லாமல், கொசுவைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று இருந்தது. மீசையில் கறுப்பு வெள்ளைப் பட்டை தெளிவாகத் தெரிந்தது. செல்வராஜ் அண்ணா சொன்ன அதே இளம்பூச்சிதானே? இன்னொரு செடியில், ரோஜாவில், இளஞ்சிவப்பாகவே ஒன்று இருந்தது. அது வேறு இனமா?

---

ராகவன்_டேவிஸ்

இளஞ்சிவப்பை வைத்து வேறு இனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்டிடிட்களில் பல இனங்களில் அபூர்வமாக அப்படிப் பிறப்பது உண்டு. இது பருவம் மாறி நிறம் மாறுவது இல்லை, பிறவியிலேயே வருவது என்று 1907-இல் வில்லியம் மார்ட்டன் வீலர் எழுதினார். பச்சை இலையில் இந்த நிறத்தோடு பிழைப்பது சிரமம் என்பதால் வளர்ந்ததைக் காண்பது இன்னும் அரிது. முடிந்தால் படம் எடுத்துப் போடுங்கள், மீசைப் பட்டை தெரிகிற மாதிரி.

---

செல்வராஜ்_விசேலியா

ஆமாம் மேடம், பட்டை மீசை என்றால் கவட்டைவாலின் இளம்பூச்சிதான்.

பிஞ்சுகளைக் காப்பாற்ற விருப்பம் இருந்தால் இப்போதிலிருந்து சில வாரங்கள்தான் கவனிக்க வேண்டிய காலம். காலை வேளையில் ஒரு வெள்ளைத் துணியைக் கிளைக்கடியில் விரித்து, கிளையைக் குச்சியால் இரண்டு தட்டு தட்டுங்கள். இளம்பூச்சி துணியில் விழும், குதிப்பதற்குள் கையால் எடுத்துவிடலாம். சிலந்தியும் பொறிவண்டும் விழும், அவற்றை மரத்திலேயே விட்டுவிடுங்கள். மரத்தில் பூ இருக்கும்வரை எதையும் தெளிக்காதீர்கள். ஃபிரெஸ்னோ, டுலாரே, கெர்ன் கவுண்டிகளில் ஆரஞ்சு பூக்கும் காலத்தில் தேனீக்களுக்காகத் தோட்டக்காரர்களுக்கே தனி விதிகள் வைத்திருக்கிறார்கள்.

ஒரு விஷயம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இலை ஓட்டைக்குப் பக்கத்தில் வழவழப்பான பளபளப்புத் தடம் இருந்தால் அது நத்தை. கேட்டிடிட் தடம் விடாது. சின்னப் பச்சைப் புழு இருந்தால் அது ஆரஞ்சுப் புழு, அதுவும் இதே பருவத்தில் வந்து பிஞ்சைக் கடிக்கும், கடித்த இடம் கேட்டிடிட் கடித்த மாதிரியே இருக்கும். பூச்சியைக் கண்ணால் பார்க்காமல் தழும்பை மட்டும் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம்.

பழம் எலுமிச்சை அளவுக்கு மேல் பருத்த பிறகு இந்தச் சேதத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அப்போது துணி விரிப்பதை நிறுத்திவிடலாம்.

---

முருகேசன்_சான்ஹோசே

துணி விரித்துத் தட்டிப் பார்த்தேன். எங்கள் எலுமிச்சையில் இரண்டு பட்டை மீசை விழுந்தது, பொறிவண்டு அதைவிட அதிகம். ராகவன் சார், ஆகஸ்டில் ஆண் கிடைத்தால் வால் படம் போடுகிறேன், சான்ஹோசேயில் இருப்பதும் இதே இனமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

---

ராகவன்_டேவிஸ்

கட்டாயம் போடுங்கள் சார். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்தால் இன்னும் நல்லது.